மரவள்ளி நோயறிதல், இயந்திரக் கற்றல்வழி

மரவள்ளி இலையின் ஒளிப்படத்திலிருந்து நோயைக் கணினியே இனங்காணும் முறை. வடிவமறிதலின் வேளாண் பயன்களில் ஒன்று. தருமபுரி மாவட்டத்தின் அரூர் வட்டாரம் போன்ற மரவள்ளிப் பகுதிகளுக்கு நேரடியாகத் தொடர்புடையது.

இங்கு முதன்மை நோய் தேமல். இந்திய, இலங்கை மரவள்ளித் தேமல் வைரசுகளால் உண்டாகி, வெள்ளை ஈயாலும் நோயுற்ற விதைக்குச்சியாலும் பரவுகிறது. மஞ்சள் திட்டு, சுருங்கிய இலை ஆகியவை அடையாளங்கள். இவை கண்ணுக்கே தெரிபவை என்பதால் படங்களைக் கொண்டு கணினியைப் பழக்குவது எளிது.

2017-இல் வெளியான ஆய்வொன்று, பொதுப் படங்களில் முன்பே பழகிய நரம்பியல் வலையமைப்பைத் தான்சானியாவில் எடுத்த மரவள்ளிப் படங்களால் மறுபடி பயிற்றியது. இணைய இணைப்பின்றியே கைப்பேசியில் இயங்கும் 'நூரு' செயலி அதன் தொடர்ச்சி. 2020-இல் கேகிள் என்னும் இணையத் தளம் நடத்திய மரவள்ளி நோயறிதல் போட்டிக்கு உகாண்டாவிலிருந்து 21,000-க்கும் மேற்பட்ட படங்கள் தரப்பட்டன: நான்கு நோய்கள், நலமான செடி என ஐந்து வகுப்புகள். பாதிக்கு மேல் தேமல் படங்களே. எதையும் 'தேமல்' என்று சொல்லும் சோம்பேறி நிரலும் பாதிக்கு மேல் மதிப்பெண் வாங்கிவிடும்.

அத்தொகுப்பை அப்படியே அரூருக்குக் கொண்டுவர இயலாது. 2020-இல் இந்தியாவில் முதன்முறை பதிவாகித் தமிழகத்துக்கும் பரவிய மரவள்ளி மாவுப்பூச்சிக்கு அதில் வகுப்பே இல்லை. அப்பூச்சி தாக்கிய செடியையும் நிரல் அந்த ஐந்தில் ஒன்றாகவே அறிவிக்கும்.