பழவேற்காட்டுச் சிவப்பும் சாயவேரும்

சாயவேர் முழங்கால் உயரம்கூட எட்டாத மணற்செடி. காப்பியும் நுணாவும் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது. சித்த மருத்துவத்தில் இதற்கு இம்பூறல் என்று பெயர். மெல்லிய தண்டும் குறுகிய இலையும் வெள்ளைச் சிறுபூவும் கொண்ட இந்தச் செடியின் மதிப்பெல்லாம் மண்ணுக்குள்ளே, நேராகக் கீழிறங்கும் வேரின் பட்டையில் இருந்தது. சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிகள் வெயிலுக்கும் வெளுப்புக்கும் மங்காத சிவப்பைப் பெற்றது அந்தப் பட்டையிலிருந்துதான்.

அந்தச் சிவப்பைத் தேடி வந்தவர்களில் டச்சுக்காரர்கள் முக்கியமானவர்கள். மொலுக்கத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் விற்றவர்கள் மாற்றாகக் கேட்டது சோழமண்டலத் துணி. அதனால் டச்சுக் கம்பெனி 1610இல் பழவேற்காட்டில் பண்டகசாலை வைத்தது. 1613இல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை கரை நெடுகிலும் நடந்த டச்சு வணிகம் பழவேற்காடு ஏரிக்கரையிலிருந்தே ஆளப்பட்டது. இங்கிருந்து போன கட்டம்போட்ட கைக்குட்டைத் துணி ஊர்ப்பெயராலேயே உலகச் சந்தையில் அறியப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கிளாஸ்கோ நெசவாளர்கள் அதைப் பார்த்து நெய்த துணிக்கும் பழவேற்காட்டின் பெயரையே வைத்தார்கள்.

இந்த வணிகத்தின் வேர் நெல் விளையாத நிலத்தில் இருந்தது. சாயவேருக்குக் களிமண் ஆகாது. நீர் தேங்காத, வேர் தடையின்றி ஆழம் போகக்கூடிய தளர்ந்த மணல் வேண்டும். கடலோர மணல்மேடுகள் அதற்கென்றே அமைந்தவை. பயிரிடும் முறையைத் தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பர்க் எழுதி வைத்திருக்கிறார். சோழமண்டலக் கரையின் தாவரங்களைப் பற்றி அவர் எழுதிய நூலின் முதல் தொகுதி 1795இல் வெளிவந்தது. அவர் பார்த்தது கோதாவரிப் பகுதியின் பயிர். முதல் மழை விழுந்ததும் அங்கே நிலத்தை உழுது சமப்படுத்திப் பாத்தி கட்டினார்கள். விதை தூசியைப் போல நுண்மையானது. செடியிலிருந்து கையால் சேர்க்க முடியாது. ஆகவே பழைய சாயவேர் நிலத்தில் விதை உதிர்ந்து கிடந்த மேல்மணலை அப்படியே வாரி வந்து புதிய பாத்தியில் தூவினார்கள். முளை பிடிக்கும்வரை நீர் தெளிப்பதும் களை எடுப்பதும்தான் வேலை. சோழமண்டலத்தில் உறைபனி கிடையாது. குளிர்காலம் முழுவதும் செடி நின்று வளர்ந்தது. மழையும் பனியும் கழிந்தபின் வேரைத் தோண்டினார்கள்.

இவ்வளவு பாடுபட்டும், விதைத்து வளர்த்த வேரைவிடத் தானாக முளைத்த வேருக்கே மதிப்பு அதிகம். காட்டு வேர் குறைந்த எடையிலேயே கூடுதல் சாயம் தந்தது. ஆள் பராமரிப்பில்லாமல் வறண்ட மணலில் நின்ற செடி வேரை ஆழமாக விட்டது. சாயம் ஏறுவதற்கு அதற்குக் காலமும் கிடைத்தது. அதனால் இந்தத் தொழிலின் அடித்தளத்தில் உழவரைவிட வேர் தோண்டியவர்களுக்கே முதலிடம் தர வேண்டும். டச்சு ஆவணங்கள் வணிகரைப் பற்றியும் துணியின் அளவைப் பற்றியும் நிறையப் பேசுகின்றன. துணியின் நிறத்துக்குக் காரணமானவர்களைப் பற்றியும் அவ்வளவு பேசியிருக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் வேர் தோண்டுவதை டச்சு ஆட்சி தன் ஏகபோகமாகவே வைத்திருந்தது. வேரின் மதிப்புக்கு அதைவிட வேறு சான்று தேவையில்லை.

பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவில் வேர் தோண்டும் வேலை யானாதிப் பழங்குடி மக்களுடையது. 1835இல் சென்னை அரசாங்கம் தீவை எடுத்துக்கொண்டது. யானாதிகள் காட்டிலிருந்து திரட்டிக் கொடுத்த பொருள்களில் நன்னாரி, பூந்திக்கொட்டை, எட்டிக்கொட்டை ஆகியவற்றோடு சாயவேரும் இருந்தது.

வேர் மட்டும் நிறம் தராது. கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் ஊட்டிய துணியில் படிகாரம் ஏறிய இடத்தில்தான் சிவப்பு பிடிக்கும். மற்ற இடத்தில் படிந்தது வெளுப்பில் போய்விடும். நூலுக்குச் சாயமிடும்போது நல்லெண்ணெயையும் சாம்பல் நீரையும் மாறி மாறி ஊட்டிப் பல நாள் காயவைத்தார்கள். வேரிலுள்ள அலிசரின் என்ற சாயப்பொருள் படிகாரத்தின் அலுமினியத்தோடு சேரும்போது சுண்ணாம்புச் சத்தும் கலந்தால் சிவப்பு தெளிந்து நிற்கும். சுண்ணாம்புச் சத்துள்ள கிளிஞ்சல் கலந்த கரைமணலுக்கும் நல்ல சிவப்புக்கும் உள்ள உறவை வேதியியல் இவ்வாறு விளக்குகிறது.

அதே வேதியியல்தான் தொழிலை முடித்தும் வைத்தது. 1868இல் கிரேபே, லீபர்மன் என்ற இரு ஜெர்மானியர்கள் அலிசரினை ஆய்வகத்தில் ஆக்கினார்கள். சில ஆண்டுகளிலேயே அது ஆலைச் சரக்காகி இந்தியச் சாயப்பட்டறைகளுக்கு வந்தது. பல நாள் வேலை சில மணி நேரத்துக்குச் சுருங்கியது, விலையும் இறங்கியது. சென்னை மாகாணச் சாயத்தொழிலைப் பற்றி எட்வின் ஹோல்டர் 1896இல் அறிக்கை எழுதியபோது தாவரச் சாயங்கள் பெரிதும் பின்வாங்கியிருந்தன. வேரைக் கேட்பவர்கள் குறையக் குறைய, விதைமணலை வாரும் பழக்கமும் மறைந்தது.

யானாதிகள் வேர் தோண்டிய ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1971இல் முதல் ஏவூர்தி பறந்தது. ஏவுதளத்துக்காகத் தீவின் நிலம் எடுக்கப்பட்டதால் யானாதிக் குடும்பங்கள் பல இடம்பெயர்ந்தன. சாயவேர்ச் செடி கரைமணலில் இன்றும் தானாக முளைக்கிறது. இருமலுக்கும் இரத்த வாந்திக்கும் மருந்தாகச் சித்த வைத்தியர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள்; இயற்கைச் சாயத்தில் ஈடுபாடுள்ள சிலர் சிறிய அளவில் வேரைக் கொண்டு நூலைச் சிவப்பாக்குகிறார்கள்.