உள்ளத்து உணர்வும் இறைவழியும்: இஞ்ஞாசியார் கற்ற பாடம்



இறைவனை நாடிச் செல்லும் மனிதனுக்கு உணர்ச்சி துணையா, தடையா என்ற வினா மிகப் பழையது. வழிபாட்டு வேளையில் கண்ணீர் பெருக நிற்பவரைக் கண்டு, "இதுவே மெய்யான பக்தி" என்பாரும் உளர். "உணர்ச்சி வந்து போவது, அதை நம்பி இறைவழியில் நடக்கலாகாது" என்பாரும் உளர். இவ்விரு சாராரையும் நன்கு அறிந்து, உணர்ச்சியை ஒதுக்காமலும் அதற்கு அடிமையாகாமலும் அதனைச் சோதித்தறிய ஒரு முறையை வகுத்துத் தந்தவர் இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார். அம்முறையை அவர் மடத்திலோ பல்கலைக்கழகத்திலோ கற்கவில்லை. நோய்ப் படுக்கையிலும் நெடுஞ்சாலையிலும் ஆற்றங்கரையிலும் கற்றார். கற்கும் வழியில் ஒரு கொலையின் விளிம்புக்கும், தற்கொலையின் விளிம்புக்கும் சென்று மீண்டார். அந்த வரலாற்றையே இன்று நோக்குவோம்.

1491இல் ஸ்பெயினின் பாஸ்க் பிரதேசத்தில், லொயோலா மாளிகையில் பிறந்த இனிகோ என்னும் இளைஞன் துறவியாகும் எண்ணம் கொண்டவனல்லன். வாளும் வீரப் புகழும் அரண்மனைச் சீமாட்டிகளின் கடைக்கண் பார்வையுமே அவனது உலகம். 1521 மே 20ஆந் திகதி பம்ப்லோனா கோட்டையைப் பிரெஞ்சுப் படை தாக்கியபோது, சரணடைவதே மேல் என்று மற்றவர்கள் எண்ணிய வேளையிலும் போரிட வேண்டும் என்று வாதாடியவன் அவன். ஒரு பீரங்கிக் குண்டு அவனது ஒரு காலை முறித்து, மற்றக் காலையும் காயப்படுத்தியது. அவன் வீழ்ந்ததும் கோட்டையும் வீழ்ந்தது.

வீட்டுக்குச் சுமந்து வரப்பட்ட இனிகோவின் கால் சரியாகப் பொருந்தவில்லை. மீண்டும் முறித்துப் பொருத்தினர். மரணத்தின் வாயில்வரை சென்று பிழைத்தான். பிழைத்த பின் பார்த்தால், முழங்காலுக்குக் கீழே ஓர் எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. அக்காலத்துப் பிரபுக்கள் அணியும் இறுக்கமான உயர்ந்த சப்பாத்தை இனி அணிய முடியாதே என்று வருந்தி, அந்த எலும்பை அறுத்தெடுக்கச் சொன்னான். மயக்கமருந்து இல்லாத காலம் அது. அழகுக்காக அந்த வேதனையையும் தாங்கிக்கொண்டான். தன் உணர்ச்சி எதைக் கேட்டதோ அதைக் கொடுத்துப் பழகிய மனிதன் அவன் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

படுக்கையில் பொழுது போக்க வீரக் கதைகள் கேட்டான். அந்த வீட்டில் அத்தகைய நூல் ஒன்றும் அகப்படவில்லை. கிடைத்தவை இரண்டு: சக்சனி லுடோல்ப் எழுதிய கிறிஸ்துவின் வரலாறும், புனிதர்களின் சரிதைத் தொகுதி ஒன்றும். வேறு வழியின்றி அவற்றைப் படித்தான். படிப்பதை நிறுத்திய நேரங்களில் இருவகைக் கனவுகள் அவன் மனதில் மாறி மாறி எழுந்தன. உயர்குலச் சீமாட்டி ஒருத்திக்காகத் தான் புரியப்போகும் வீரச் செயல்களை எண்ணி மூன்று நான்கு மணி நேரம் தன்னை மறந்திருப்பான். பின்னர், புனித பிரான்சிஸ் செய்ததையும் புனித தொமினிக் செய்ததையும் தானும் செய்தால் என்ன, வெறுங்காலுடன் ஜெருசலேமுக்கு நடந்தால் என்ன என்று எண்ணுவான். இரண்டு எண்ணங்களும் இன்பம் தந்தன.

ஒருநாள் ஒரு வேறுபாடு அவனுக்குத் தெரிந்தது. முதல் வகைக் கனவு இருக்கும்வரை இனித்தது. கலைந்த பின்னர் மனம் வறண்டு வெறுமையாய்க் கிடந்தது. இரண்டாவது கனவோ கலைந்த பின்னரும் மகிழ்ச்சியை விட்டுச் சென்றது. உணர்ச்சி எழும் நேரத்தில் அது எவ்வளவு இனிக்கிறது என்று பார்ப்பதைவிட, அது போன பின் உள்ளத்தில் எதை விட்டுச் செல்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதே அவன் கற்ற முதற் பாடம். பின்னாளில் அவர் எழுதியவை யாவற்றுக்கும் அடித்தளம் இதுவே.

ஆனால் முதற் பாடம் கற்றவன் முழுப் பாடமும் கற்றவனாகிவிடுவதில்லை. 1522இல், குணமடைந்த இனிகோ ஒரு கோவேறு கழுதையில் ஏறி மொன்செராற் மலைத் திருத்தலத்தை நோக்கிப் புறப்பட்டான். வழியில் முஸ்லிம் ஒருவர் சேர்ந்துகொண்டார். ஸ்பானியர்கள் அவர்களை 'மோரோ' என்பர். அதே சொல்லைத்தான் போர்த்துக்கேயர் இலங்கைக்கும் கொண்டுவந்து நம்மவருக்கும் சூட்டினர். 'மூர்' என்று ஆங்கில ஆவணங்களில் அது இன்றும் நிற்கிறது. அந்த வழிப்போக்கரும் இனிகோவும் கன்னி மரியாளைப் பற்றிப் பேசினர். ஆண் தொடர்பின்றி மரியாள் கருவுற்றதைத் தாம் ஏற்பதாகவும், பிரசவத்தின் பின்னரும் அவர் கன்னியாகவே இருந்தார் என்பதை ஏற்க முடியவில்லை என்றும் அவர் சொன்னார். இனிகோவால் அவர் மனதை மாற்ற முடியவில்லை. அவர் தமது வாகனத்தை விரைவாக ஓட்டிக்கொண்டு முன்னே போய்விட்டார்.

தனியே விடப்பட்ட இனிகோவின் உள்ளத்தில் கோபம் மூண்டது. தேவதாயின் மானத்தைக் காக்கத் தவறிவிட்டோமே என்ற குற்ற உணர்வும் சேர்ந்தது. பின்தொடர்ந்து சென்று அந்த மனிதரைக் கத்தியால் குத்த வேண்டும் என்ற ஆவேசம் எழுந்தது. குத்துவது கடமையா, விட்டுவிடுவது கடமையா என்று நெடுநேரம் எண்ணியும் அவனால் முடிவுகாண இயலவில்லை. ஈற்றில் முடிவைக் கழுதையிடம் விட்டான். பாதை பிரியும் இடத்தில் கடிவாளத்தைத் தளர்த்தினான். அந்த மனிதர் சென்ற ஊர் முப்பது நாற்பது அடி தூரத்தில்தான் இருந்தது; அதற்கான பாதையும் அகலமான நல்ல பாதை. ஆனால் கழுதை நெடுஞ்சாலை வழியே திரும்பியது. ஒரு மனிதரின் உயிர் தப்பியது.

நேயர்களே, இந்நிகழ்ச்சியைப் பகைவர் எவரும் கட்டிவிடவில்லை. 1553க்கும் 1555க்கும் இடையில், முதிர்ந்த வயதில், இஞ்ஞாசியாரே தமது சபைத் துறவியான கொன்சால்வெஸ் த காமராவுக்கு வாய்மொழியாகச் சொன்ன வாழ்க்கை வரலாற்றில் இது உள்ளது. அவர் அதை மறைக்க விரும்பவில்லை. அந்நாளில் தமது ஆன்மா எவ்வளவு குருடாயிருந்தது என்பதைக் காட்டவே சொன்னார். கடவுளை நேசிப்பதாக அவன் உண்மையாகவே நம்பினான். அந்த நேசத்திலிருந்தே கொலைவெறி பிறந்தது. சமயத்தின் பெயரால் மூளும் கோபம் அதை உடையவனுக்குப் பாவமாகத் தோன்றுவதில்லை; பக்தியாகவே தோன்றுகிறது. அதுதான் அதிலுள்ள பேராபத்து. இதனை நமது நாட்டவருக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

மொன்செராற்றில் வாளைத் தேவதாயின் பீடத்தில் விட்டு, நல்லாடைகளைப் பிச்சைக்காரன் ஒருவனுக்குக் கொடுத்து, சாக்குத் துணி உடுத்து, அருகிலுள்ள மன்றேசா என்னும் ஊருக்குச் சென்றான். சில நாள் தங்கவென்று போன இடத்தில் பத்து மாதங்களுக்கு மேல் தங்கினான். அங்கே கோபத்துக்குப் பதிலாக அச்சம் வந்தது. செய்த பாவங்களை முழுமையாகப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னோமா என்ற ஐயம் அவனை அரித்தது. சொன்னதையே மீண்டும் மீண்டும் சொன்னான். நாளொன்றுக்கு ஏழு மணி நேரம் முழந்தாளில் நின்று செபித்தும் அமைதி கிட்டவில்லை. அறையிலிருந்த ஒரு பெரிய குழியில் விழுந்து மாய்ந்துவிட வேண்டும் என்ற தூண்டல் பலமுறை எழுந்தது. கடவுள் அமைதி தரும்வரை உண்பதில்லை என்று ஒரு வாரம் முழுவதும் பட்டினி கிடந்தான். குருவானவர் கட்டளையிட்ட பின்னரே உணவைத் தொட்டான்.

பாவத்துக்கு வருந்துவது நல்லதல்லவா? ஆம், நல்லதே. ஆனால் அந்த வருத்தம் எவ்வழியே வந்தது, எங்கே கொண்டுபோகிறது என்று படிப்படியாகப் பின்னோக்கிப் பார்த்தபோது, அது இறைவனிடம் கொண்டுசேர்க்காமல் சாவை நோக்கியே தள்ளுவதைக் கண்டான். நல்லதுபோல் தொடங்கிய ஒன்று தீயதில் முடியுமானால், அது நல்ல இடத்திலிருந்து வந்ததன்று. இனிப் பழைய பாவங்களை மீண்டும் சொல்வதில்லை என்று உறுதிகொண்டான். இது இரண்டாவது பாடம்: ஓர் உணர்ச்சியின் தொடக்கத்தை மட்டுமன்றி, நடுவையும் முடிவையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது பாடம் இன்னும் நுட்பமானது. படுக்கைக்குப் போகும் வேளையில் பேரின்பமான ஆன்மிக எண்ணங்கள் அவனுக்கு வரத் தொடங்கின. உறங்கவென ஒதுக்கிய சொற்ப நேரமும் அவற்றிலேயே கழிந்தது. செபத்துக்கென நாளில் போதிய நேரம் இருக்க, இவை ஏன் உறக்க வேளையில் வருகின்றன என்று ஐயுற்று, அவற்றை விலக்கி உறங்கினான். சில ஆண்டுகளின் பின், முப்பது வயதைக் கடந்தவராய், பார்சலோனாவில் இலத்தீன் இலக்கணம் படித்தபோதும் அப்படியே நடந்தது. பாடத்தை மனனம் செய்ய உட்கார்ந்தால் தெய்வீக எண்ணங்கள் வெள்ளமாய் வரும்; செபிக்கும்போதோ அவ்வளவு வருவதில்லை. இது சோதனையே என்று கண்டு ஆசிரியரிடம் சென்று, ஒரு நாளும் தவறாமல் பாடத்துக்கு வருவதாக வாக்களித்தார். இனிப்பான பக்தி உணர்வும் கடமையிலிருந்து ஒருவரை இழுத்துச் செல்லக்கூடும் என்று அவர் கண்டார்.

இந்த அனுபவங்களை அவர் ஏட்டில் குறித்துவந்தார். அவற்றிலிருந்தே 'ஆன்மிகப் பயிற்சிகள்' என்னும் சிறு நூல் உருவாயிற்று. நம்பிக்கையும் அன்பும் அமைதியும் பெருகும் நிலையை அவர் ஆறுதல் என்றார். மனம் இருண்டு, கலங்கி, இறைவனைப் பிரிந்ததுபோல் சோர்ந்து கிடக்கும் நிலையை ஆறுதலின்மை என்றார். ஆறுதலின்மை நிலையில், முன்னர் தெளிவான வேளையில் எடுத்த முடிவை மாற்றக்கூடாது என்பது அவர் வகுத்த விதிகளில் முதன்மையானது. ஆறுதல் நிறைந்த வேளையிலோ, வறட்சி வரும்போது எப்படித் தாங்குவோம் என்று எண்ணித் தாழ்மையோடிருக்கச் சொன்னார். மனதில் உள்ளதை மறைக்காமல் அனுபவமுள்ள ஒருவரிடம் திறந்து சொல்லவேண்டும் என்பதும் அவர் விதித்ததே.

இதனைத் திருச்சபை அதிகாரிகள் உடனே வரவேற்கவில்லை. 'ஒளிபெற்றோர்' என்று தம்மை அழைத்துக்கொண்டு, இறைவன் நேரே தம் உள்ளத்தில் பேசுகிறார் என்ற குழுவினருக்கு எதிராக 1525இல் தொலேதோவில் ஆணை பிறந்திருந்தது. படிப்பு முடிக்காத ஒருவர் உள்ளத்து அசைவுகளைப் பற்றி மக்களுக்குப் போதிப்பதைக் கண்டால் ஐயம் எழாதா? 1527இல் அல்கலாவில் 42 நாட்கள் சிறையிலிருந்தார். பின்னர் சலமன்காவில் 22 நாட்கள் விலங்கிடப்பட்டுக் கிடந்தார். அவரது போதனையில் பிழை காணப்படவில்லை. ஆயினும், படித்துவிட்டுப் பேசும்படி பணித்தனர். அவர் 1528இல் பாரிசுக்குச் சென்று படித்தார்.

அதிகாரிகளின் அச்சத்தில் நியாயமில்லாமல் இல்லை. "என் உள்ளம் சொல்கிறது, ஆகவே கடவுள் சொல்கிறார்" என்று ஒவ்வொருவரும் கிளம்பினால் என்னாகும் என்பதை அந்த நெடுஞ்சாலை நிகழ்ச்சியே காட்டும். இஞ்ஞாசியார் சொன்னது அதுவன்று. உள்ளம் பலவற்றைச் சொல்கிறது. அவற்றில் எது இறைவனிடமிருந்து வருகிறது என்று பொறுமையாகப் பிரித்தறிய வேண்டும் என்பதே அவர் சொன்னது.

பாரிசில் அவரோடு ஒரே அறையில் தங்கிய மாணவர்களுள் ஒருவர் பிரான்சிஸ் சவேரியார். 1542இல் கோவாவை வந்தடைந்து முத்துக்குளித்துறைத் தமிழரிடையே பணிபுரிந்த அதே சவேரியார். 1540இல் இயேசு சபையையும், 1548இல் 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலையும் பாப்பரசர் மூன்றாம் பவுல் அங்கீகரித்தார். இச்சபையினர் 1893இல் கண்டியில் பாப்பரசர் குருமடத்தைத் தொடங்கினர். 1955இல் அது பூனாவுக்கு மாறியது. இலங்கையிலும் தமிழகத்திலும் கத்தோலிக்கர் 'ஞானஒடுக்கம்' என்று மேற்கொள்ளும் தியான நாட்களில் இந்நூலின் தடத்தைக் காணலாம்.

ரோமாபுரியில் சபைத் தலைவராயிருந்தபோது இஞ்ஞாசியார் எழுதிய நாட்குறிப்பின் ஒரு பகுதி கிடைத்திருக்கிறது. 1544 பெப்ரவரியில் அது தொடங்குகிறது. சபையின் ஆலயங்களுக்கு நிரந்தர வருமானம் வேண்டுமா, முழு ஏழ்மை வேண்டுமா என்ற வினாவுக்கு அவர் விடை தேடிக்கொண்டிருந்தார். பூசை வேளையில் கண்ணீர் வந்ததா, எவ்வளவு வந்தது என்று நாள்தோறும் குறித்தார். ஏழ்மையே தகும் என்ற முடிவு முன்னரே தெளிவாகியிருந்தும், இன்னும் ஓர் அடையாளம், இன்னும் ஓர் ஆறுதல் வேண்டும் என்று நாட்களைக் கடத்தினார். மார்ச் 12ஆந் திகதி மனம் வறண்டு கிடந்தது. அப்போதுதான், மேலும் மேலும் அடையாளம் கேட்பது தமது விருப்பமேயன்றி இறைவனின் விருப்பமன்று என்று உணர்ந்தார். கண்ணீர் வரக் காத்திராமல், அந்த வறட்சியிலேயே விடயத்தை முடித்துவைத்தார்.

நேயர்களே, 1522இல் தன் கோபத்தைத் தெய்வ ஆணை என்று எண்ணி, முடிவைக் கழுதையிடம் விட்ட அதே மனிதர்தான், 1544இல் தமது புனிதமான கண்ணீரைக்கூட நிறுத்திக் கேள்வி கேட்டார். இடையில் சென்றவை இருபத்திரண்டு ஆண்டுகள். நம் உள்ளத்தில் பக்தியின் பெயரால் எழும் மகிழ்ச்சியையும் அச்சத்தையும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கோபத்தையும், 'நீ எங்கிருந்து வந்தாய், என்னை எங்கே கொண்டுபோகிறாய், போகும்போது எதை விட்டுச் செல்வாய்?' என்று கேட்க நமக்கும் காலம் எடுக்கலாம். ஆயினும் கேட்கத் தொடங்குவது நல்லது. கழுதை எப்போதும் நல்ல பாதையிலேயே திரும்பும் என்று சொல்வதற்கில்லை.