திரையில் நம் ஊரைத் தேடி

நம் பீடோங், சினிமாக்காரர்கள் கேமராவும் கையுமாகத் தேடி வருகின்ற ஊர் அன்று. ஒரு கடைத்தெரு, அதை ஒட்டிப் பெருஞ்சாலை, சுற்றிலும் ஒரு காலத்தில் இரப்பர், பின்னர் செம்பனை, வடமேற்கே முகில் மூடிய ஜெராய் மலை, இவ்வளவுதான். சென்னைக்காரர்கள் படம் பார்த்தால், "அதோ எல்.ஐ.சி., அதோ மெரினா" என்று கதையை விட்டுவிட்டு ஊரைப் பார்ப்பார்கள். பக்கத்துப் பினாங்குக்காரர்களுக்கும் அந்தக் கொடுப்பினை உண்டு. நமக்கு மட்டும் ஏன் இல்லை என்ற ஏக்கம் எனக்குச் சிறு வயதிலேயே உண்டு.

அப்போதெல்லாம் தோட்டத்துத் திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். தகவல் இலாகா வண்டி வந்தாலும் படம் உண்டு. சாயங்காலமே சாக்கை விரித்து இடம் பிடிக்க வேண்டும். பிந்தி வந்தவர்கள் துணிக்குப் பின்னால் உட்கார்ந்து, எல்லாரையும் இடக்கையர்களாகவே பார்ப்பார்கள். இந்தப் படங்களில் எங்காவது நம் சாலை, நம் மலை, ஒரு பால்மரமாவது வராதா என்று நான் தேடியதுண்டு. ஒன்றும் வராது.

மாணவமணிகளே, பெரியவன் ஆன பிறகுதான் ஒன்று புரிந்தது. சினிமாவில் ஊர்களும் வேடம் கட்டுகின்றன. 1992இல் வெளிவந்த 'இந்தோசீன்' என்ற பிரெஞ்சுப் படத்தில் பினாங்கும் ஈப்போவும் பிரெஞ்சுக்காரர் காலத்து வியட்நாமாக நடித்தன. 1999இல் 'அன்னா அண்ட் தி கிங்' படத்தை எடுக்கத் தாய்லாந்து அரசாங்கம் அனுமதி மறுத்தது. ஆகவே சயாம் அரசரே ஈப்போவுக்கும் பினாங்குக்கும் லங்காவிக்கும் குடிவர வேண்டியதாயிற்று! 2015இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் 'இந்தியன் சம்மர்ஸ்' என்று ஒரு தொடர். கதை நடப்பதோ இமயமலைச் சாரலில் உள்ள சிம்லாவில். படம் எடுத்ததோ பினாங்கில். பினாங்கு தெரிந்தவர்கள் சிம்லாவைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள்.

கெடாவின் பழங்கதைகளுக்கும் திரையில் இடம் கிடைத்ததுண்டு. அலோர் ஸ்டாரில் பிறந்த நம் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் கதை எழுதுவதிலும் வல்லவர். லங்காவியின் மஹ்சூரி கதையை அவர் எழுத, இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ் அதை 1950களின் இறுதியில் இயக்கினார். கோரைப்பல் முளைத்த கெடா அரசன் கதையான 'ராஜா பெர்சியோங்' 1968இல் ஜமில் சூலோங் இயக்கத்தில் வந்தது. அதன் கதையும் துங்குவினுடையதே. அந்த அரசன் தன் கோரைப்பல்லைப் பிடுங்கி வீசிய இடந்தான் பாலிங் என்பார்கள். 2011இல் வந்த 'ஹிக்காயாட் மெரோங் மஹாவங்சா' படத்திலோ ரோமாபுரிக் கப்பலே நம் கடற்கரைக்கு வந்துவிட்டது. பழைய கெடாவைச் சொல்லப் புறப்பட்டவர்களுக்கு மெர்போக் பக்கத்துப் பூஜாங் பள்ளத்தாக்கின் கோயில் அடித்தளங்கள் போதாமல், ரோமாபுரி தேவைப்பட்டது எனக்குக் கொஞ்சம் வருத்தந்தான். போகட்டும்.

நான் சொல்ல வந்தது வேறொரு படத்தைப் பற்றி.

'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' என்ற ஆங்கிலப் படம் நாம் சுதந்திரம் பெற்ற அதே 1957ஆம் ஆண்டில் வந்தது. டேவிட் லீன் இயக்கியது. 7 ஆஸ்கார் பரிசுகளை வாங்கியது. ஜப்பான்காரன் காலத்தில் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட ரயில்பாதையே கதைக்களம். பிடிபட்ட ஆங்கிலேயப் போர்வீரர்கள் சீட்டியடித்துக்கொண்டே முகாமுக்குள் நடந்து வருவார்களே, அந்த மெட்டு தெரியாதவர்கள் குறைவு. இந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் போட்ட ஓர் இரவு, பக்கத்து வீடுகளிலிருந்தும் வந்து எங்கள் வீட்டில் கூடியிருந்தார்கள். என் தாத்தாவும் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அந்த ரயில்பாதையில் வேலை செய்து, பிழைத்துத் திரும்பியவர். அவருடன் போன தம்பி திரும்பவில்லை.

பாதிப் படம் ஓடியிருக்கும். தாத்தா மெதுவாகக் கேட்டார்:

"ஏம்ப்பா, நம்ம சனத்த எங்க காணோம்?"

"இது வெள்ளைக்காரன் கதை தாத்தா. நம்மள எங்க காட்டப் போறான்?" என்றேன், ஏதோ எல்லாம் தெரிந்தவனைப்போல.

"அப்ப மண்ணு சொமந்தது யாரு?" என்று கேட்டுவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். பாலம் வெடித்துச் சிதறுவதை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சிரித்திருப்பார். காஞ்சனபுரியில் கட்டிய மரப் பாலமும் இரும்புப் பாலமும் படத்தில் வருவதுபோல் திருட்டுத்தனமாக வெடி வைத்துத் தகர்க்கப்படவில்லை. இரண்டும் 1943இல் ஓட்டத்துக்கு வந்தன. பின்னர் நேசநாட்டு விமானங்களே அவற்றின்மேல் குண்டு போட்டன.

அன்று தாத்தா கேட்ட கேள்விக்கு விடை தேடித்தான் பிற்பாடு கையில் கிடைத்ததை எல்லாம் படித்தேன். சயாமில் பான் போங் என்ற இடத்திலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் பாதை. 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைந்தன. வேலை செய்த போர்க்கைதிகள் 60 ஆயிரத்துக்கு மேல்; அவர்களில் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 ஆயிரம். ஆசியத் தொழிலாளர்களோ அவர்களைப்போல் மூன்று மடங்கு இருக்கலாம். மலாயாவிலிருந்து மட்டும் 70 ஆயிரத்துக்கு மேல் போனார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் 90 ஆயிரம் பேர் என்று ஒரு கணக்கு உண்டு. கணக்கு என்று சொல்கிறேனே தவிர, உண்மையில் யாரும் எண்ணவில்லை.

ஏன் எண்ணவில்லை? இதைத்தான் மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். போர்வீரனுக்கு ஓர் எண் உண்டு, பட்டாளத்துப் பதிவேட்டில் பெயர் உண்டு. முகாமில் அவனுக்கு மேல் ஓர் அதிகாரி, கூடவே ஒரு டாக்டர். மருந்து இல்லாவிட்டாலும், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று கட்டளையிட ஆள் இருந்தது. அவன் இறந்தால் யாராவது குறித்து வைத்தார்கள். நம்மவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது முகாம் முகாமாகச் செத்தார்கள். காஞ்சனபுரியில் இன்று ஏறத்தாழ 7 ஆயிரம் போர்வீரர்களின் கல்லறைகள், பெயர் பொறித்து, பூச்செடி வைத்து, புல் வெட்டிப் பராமரிக்கப்படுகின்றன. அங்கே என் சின்னத் தாத்தாவின் பெயரைத் தேடிப் பயனில்லை.

தோட்டத்தில் ஆள் பிடித்த கதையும் கேட்க வேண்டியதே. இரப்பர் ஏற்றுமதி நின்றுபோய், அரிசி கிடைக்காமல், மரவள்ளிக்கிழங்கைத் தின்று கிடந்த காலம். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு உண்டு என்றார்கள். முதலில் நம்பிப் போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை என்று தெரிந்ததும் மற்றவர்கள் காட்டில் ஒளிந்தார்கள். பிறகு தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்குப் போட்டுக் கேட்டார்கள். ஓசிப் படம் காட்டுகிறோம் என்று அழைத்து, கொட்டகை நிறைந்ததும் கதவைச் சாத்தி, ஆண்களை அப்படியே லாரியில் ஏற்றிய கதையையும் பெரியவர்கள் சொல்வார்கள். திடலில் படம் போட்ட நாள்களில் எல்லாரும் முன்வரிசைக்கு முண்டியடிக்க, தாத்தா மட்டும் கடைசியில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றே பார்ப்பார். கால் வலிக்காதா என்று கேட்டதுண்டு. ஏன் நிற்கிறார் என்பது எனக்கு நெடுங்காலம் விளங்கவில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். பிடித்த ஆட்களைச் சரக்குப் பெட்டிகளில் அடைத்து எந்த வழியாகக் கொண்டுபோனார்கள்? பிறையிலிருந்தும் புக்கிட் மெர்த்தாஜாமிலிருந்தும் சுங்கைப் பட்டாணி, குரூண், அலோர் ஸ்டார் வழியாகப் பாடாங் பெசாருக்குச் செல்லும் பாதையில்தான். 1910களில் போட்ட பாதை அது. நம் பீடோங்கைத் தொட்டுக்கொண்டு போவது. நம்மவர்கள் மட்டுமா? 1942இல் சிங்கப்பூரிலிருந்து அனுப்பப்பட்ட ஆங்கிலேயக் கைதிகளும் நான்கைந்து நாள், வெயிலில் காய்ந்த இரும்புப் பெட்டிகளுக்குள் நெருக்கியடித்து இதே வழியாகத்தான் போனார்கள். ஆகப் படத்தில் சீட்டியடித்து வருகிறவர்கள், அந்த முகாமுக்குள் காலெடுத்து வைப்பதற்குச் சில நாள்களுக்கு முன் நம் ஊரைக் கடந்திருக்க வேண்டும்! பீடோங் எந்தப் படத்திலும் இல்லை என்று இத்தனை காலம் ஏங்கினேனே, அந்தப் படத்துக்கு முந்திய காட்சியே நம் ஊர்தான். கேமரா கொஞ்சம் தாமதமாகத் திறந்துவிட்டது, அவ்வளவே.

இன்னொன்றையும் கேளுங்கள். அந்தப் படம் சயாமில் எடுக்கப்பட்டதன்று. இலங்கையில் கித்துள்கலை என்ற ஊரில், களனி ஆற்றின் குறுக்கே பாலம் கட்டி எடுத்தார்கள். 1957 மார்ச்சில் அதை வெடித்தபோது இலங்கைப் பிரதமர் பண்டாரநாயக்கா நேரில் வந்து பார்த்தார். சுற்றுப்புறமெல்லாம் தேயிலையும் இரப்பரும். அங்கேயும் லயங்களில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். கதை நடந்த காட்டிலும் நம்மவர்கள், படம் எடுத்த மலைப்பக்கத்திலும் நம்மவர்கள். திரையில் மட்டும் இடமில்லை.

மூல நாவலை எழுதியவர் பியேர் பூல் என்ற பிரெஞ்சுக்காரர். இவர் யார் தெரியுமா? 1936இல் மலாயாவுக்கு வந்து இரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்தவர். தமிழரை அறியாதவர் என்று இவரைச் சொல்ல முடியாது. படத்தின் திரைக்கதைக்கான ஆஸ்கார் இவர் பெயருக்குத்தான் போயிற்று. உண்மையில் எழுதியவர்கள் கார்ல் ஃபோர்மன், மைக்கேல் வில்சன் என்ற இருவர். கம்யூனிஸ்டு என்று சந்தேகிக்கப்பட்டவர்கள் என்பதால் அவர்கள் பெயரை மறைத்துவிட்டார்கள். 1980களின் நடுவில், இருவரும் இறந்த பிறகு, அவர்கள் பெயருக்கே பரிசு வழங்கித் தவற்றைச் சரிசெய்தார்கள். பெயரை மீட்டுக்கொடுக்க முடியும் என்பதற்கு இதே படம் ஒரு சாட்சி.

சினிமாவின் வல்லமைக்கும் இதே படம் சாட்சி. காஞ்சனபுரிப் பாலத்தின் கீழே ஓடிய ஆற்றுக்குப் பெயர் குவாய் அன்று, மெக்லோங். படம் பார்த்த வெளிநாட்டார் குவாய் ஆறு எங்கே, பாலம் எங்கே என்று கேட்டு வந்து குவிந்தார்கள். தாய்லாந்துக்காரர்கள் பார்த்தார்கள், 1960ஐ ஒட்டி ஆற்றின் அந்தப் பகுதிக்குக் குவாய் என்றே பெயர் மாற்றிவிட்டார்கள். ஒரு படம் ஆற்றின் பெயரையே மாற்றுகிறது! அப்படிப்பட்ட படத்தில் நாம் இல்லையென்றால், உலகத்தின் நினைவிலும் நாம் இல்லை என்றுதானே ஆகிறது? 2013இல் வந்த 'தி ரயில்வே மேன்' படத்தையும் பார்த்தேன். நல்ல படந்தான், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் தாத்தா கேட்ட கேள்வியை அங்கேயும் கேட்கலாம்.

நம்மவர்கள் சும்மா இருக்கவில்லை. ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' நாவலை எழுதினார், அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' எழுதினார். திரையிலும் தோட்டத்து வாழ்க்கை தலைகாட்டத் தொடங்கியது. தீபக் குமாரன் மேனனின் 'செம்மண் சாலை' 2005இல் வந்தது. 2015இல் வந்த சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படமாயிற்று. தோட்டத்தை விட்டு வந்த குடும்பம், தமிழ்ப்பள்ளிப் பையன், அப்பாவின் அடி என்று அதில் வருவதெல்லாம் நமக்குத் தெரிந்த உலகம். அது பேராக்கில் நடக்கும் கதை. ஆனாலும் அதைப் பார்த்தபோதுதான், "அதோ நம்ம வீடு" என்று முதல்முறையாகச் சொல்லத் தோன்றியது. சயாமில் பிழைத்தவர்களைத் தேடிப் பேசவைத்து நம் நாட்டுத் தமிழ் இளைஞர்கள் ஓர் ஆவணப்படமும் எடுத்தார்கள். 2023இல் காஞ்சனபுரியில் உள்ள ஒரு புத்தர் கோயிலில், இறந்த தமிழர்களுக்காக நடுகல் ஒன்றும் நாட்டப்பட்டது.

என்றாலும் கல்லில் பொறிக்கப் பெயர்கள் வேண்டுமே. அவை லண்டனிலும் இல்லை, தோக்கியோவிலும் இல்லை. இருந்தால் நம் வீடுகளில்தான் இருக்கும்; பாட்டி சொன்ன கதையில், சாமி மாடத்துப் படத்துக்குப் பின்னால், திவசத்துக்கு வாய்விட்டுச் சொல்லும் பெயர்களில். இப்போது பீடோங்கில் மின்ரயில் நிற்பதில்லை. சுங்கைப் பட்டாணிக்கும் குரூணுக்கும் இடையே ஒரே ஓட்டமாக ஓடிவிடுகிறது. அதில் போகும்போதெல்லாம் நான் சன்னல் பக்கம் உட்கார்ந்துகொள்வேன். ஜெராய் மலை தெரியும் அந்தச் சில நிமிடங்கள், பூட்டிய பெட்டிக்குள் நின்றவர்களுக்கு அது தெரிந்திருக்குமா என்று நினைத்துக்கொள்வேன்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் குடும்பத்தில் சயாமுக்குப் போனவர் பெயர், எந்தத் தோட்டம், திரும்பினாரா இல்லையா என்ற விவரம் தெரிந்தால், ஒரு தாளில் எழுதிப் பிள்ளையிடம் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தனுப்புங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் இரண்டு பெயர்கள் எழுதியாயிற்று, தாத்தாவுடையதும் அவர் தம்பியுடையதும்.