ஊசியும் பதிவேடும்

பிணியாளருக்குப் பணிவிடை செய்வதை இழிதொழில் என்று ஒதுக்கிவைத்த சமூகம் நம்முடையது. மருத்துவச்சியைத் திண்ணைக்கு அப்பால் நிறுத்தி, அவள் கையில் பிறந்த பிள்ளையை மட்டும் கொஞ்சி மகிழ்ந்தோம். அத்தொழிலுக்கு மதிப்புத் தேடித்தந்தது எவருடைய இரக்கமுமன்று, பெயர்ப் பதிவேடுதான்.

1887இல் இங்கிலாந்தில் எதெல் பெட்போர்டு பென்விக் அம்மையார் தாதியர் சங்கமொன்று கண்டு, பயிற்சி பெற்றோரைச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டுமெனக் கிளர்ச்சி செய்தார். அதனை எதிர்த்து நின்றவர் யாவர்? புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரேதான்! நற்குணத்தைப் பரீட்சையால் அளக்கவொண்ணாது என்பது அவர் வாதம். பெரியோர் வாக்கு என்பதற்காகப் பென்விக் பணிந்துவிடவில்லை. 1901இல் நியூசிலாந்து முந்திக்கொண்டது. 1919இல் இங்கிலாந்தும் சட்டம் செய்தது. சென்னை மாகாணம் 1926இல் பின்தொடர்ந்தது. தனி ராஜ்யமாயிருந்த ஜொகூர் 1948இல் மலாயாக் கூட்டரசில் அடங்கிற்று. அதன் பின்னரே, 1950இல், இந்நாட்டின் தாதியர் சட்டம் பிறந்தது.

தோட்டத்துத் தமிழருக்கு இவ்விஷயம் புதிதன்று. குளுவாங், சிகாமட் பக்கத்துத் தோட்டங்களில் டாக்டர் எப்போதோ ஒரு நாள் வந்து போவார். காய்ச்சலுக்கும் காயத்துக்கும் அன்றாடம் மருந்திட்டவர் டிரசரே. பொறுப்பு ஒருவர் பெயரில், ஊசி மற்றொருவர் கையில்! கெட்டிக்கார டிரசர்கள் பலர் உயிர் காத்தனர் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் தோட்ட மருத்துவ உதவியாளரைப் பதிவு செய்யும் சட்டம் 1965இல்தான் வந்தது.

அதே நிலை இன்று ஜொகூர் பாருவின் அழகு மருத்துவ நிலையங்களில் தலைகாட்டக்கூடும் என அஞ்சுகிறோம். 1924இல் திறந்த பாலத்தைக் கடந்து, குறைந்த செலவில் முகப்பொலிவு தேடிச் சிங்கப்பூரிலிருந்தும் பலர் வருகின்றனர். தசையைத் தளர்த்தும் போட்டாக்சும், பள்ளத்தை நிரப்பும் பில்லரும் ஊசியால் ஏற்றப்படுவன. பில்லர் இரத்தக் குழாயினுள் புகுந்தால் கண்ணொளியே போய்விடலாம். ஆகவேதான், தனிச் சான்று பெற்ற பதிவு மருத்துவரே இவற்றைச் செய்யவேண்டுமென 2013இல் சுகாதார அமைச்சு நெறிமுறை வகுத்தது. தாதியின் பணி உடனிருந்து உதவுதல்.

பிரிட்டனில் மருந்தெழுதும் தகுதி பெற்ற தாதியர் இவ்வூசிகளைத் தாமே போடுகின்றனர். அழகு மருத்துவத் தாதியருக்கெனத் தனிச் சங்கமும் அங்கே உண்டு. இங்கோ, கூட்டம் மிகுந்த நாளில் “நீயே போட்டுவிடு” என்று முதலாளி சொன்னால் தாதி என் செய்வாள்? கீழ்ப்படிந்தால் அவள் பதிவுக்கே ஆபத்து. மறுத்தால் சம்பளத்துக்கு ஆபத்து. சிறு சிறு சங்கங்களாய்ப் பிரிந்து நின்ற பால்மரத் தொழிலாளர் 1954இல் ஒரே தேசியச் சங்கமாய் இணைந்தனர். அவர்கள் ஒரு தோட்டத்தில் நூற்றுக்கணக்கில் கூடி வாழ்ந்தவர்கள். நிலையத்துக்கு இருவரும் மூவருமாய்ச் சிதறிக் கிடக்கும் தாதியரைத் திரட்டுவது அத்தனை எளிதன்று. முதலாளியின் கட்டளையை எழுத்தில் கேட்கும் உரிமையேனும் அவர்களுக்கு வேண்டுமென்போம். அப்படிக் கேட்டவளை மறுநாளே வேலையினின்றும் நீக்கிவிட்டால், அவள் பொருட்டு வழக்குரைக்க முன்வருபவர் யார்?