சேவலின் கொண்டையும் ஆணின் சோர்வும்



காயடித்த மாடு சாதுவாகிவிடும் என்பது நம் பாட்டன்மார் அறிந்த செய்தி. அது ஏன் என்பதற்குத்தான் வெகுகாலம் விடையில்லை.

1849ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில், பெர்த்தோல்டு என்னும் பேராசிரியர் இளஞ்சேவல்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். விரைகளை முற்றிலும் நீக்கிய சேவல்களுக்குக் கொண்டை வளரவில்லை. அவை கூவவில்லை, சண்டைக்கும் போகவில்லை. வேறு சில சேவல்களின் விரையை எடுத்து, மீண்டும் வயிற்றுக்குள் வேறோர் இடத்தில் பதித்தார். பழைய நரம்புத் தொடர்பு அறுந்துபோயிற்று. ஆயினும் கொண்டை சிவந்து வளர்ந்தது, சேவல்கள் கூவின! அப்படியானால், விரையிலிருந்து ஏதோ ஒரு பொருள் இரத்தத்தில் கலந்து உடலெங்கும் செல்கிறது என்று அவர் கண்டார்.

அதன்பின் 1889இல் பாரிஸில் ஒரு வேடிக்கை நடந்தது. பிரவுன்-செக்கார் என்ற புகழ்பெற்ற மருத்துவ அறிஞர், தம் 72ஆம் வயதில், நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விரைச் சாற்றைத் தமக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டார். இளமை திரும்பியது என்றும் அறிவித்தார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால், அந்தப் பொருள் நீரில் எளிதில் கரையாது. அவருடைய சாற்றில் அது இருந்ததே மிகமிக அற்பம். வேலை செய்தது அவருடைய நம்பிக்கைதான். வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? வாலிப மருந்துகள் பெருகின. அந்த வியாபாரம் இன்றும் ஓய்ந்தபாடில்லை.

உண்மைப் பொருளை 1935இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் லாக்கர் குழுவினர் காளைகளின் விரைகளிலிருந்து பிரித்தெடுத்து, டெஸ்டோஸ்டிரோன் என்று பெயரிட்டனர். சுமார் 100 கிலோ விரைகளிலிருந்து கிடைத்தது 10 மில்லிகிராம்தான். அதே ஆண்டில் பூட்டனாண்ட், ருசிக்கா ஆகிய இருவரும் அதைச் செயற்கையாகச் செய்து காட்டினர்.

இப்பொருள் குறைந்தால் ஆசை குன்றும், தசையும் எலும்பும் மெலியும், களைப்பும் மனச்சோர்வும் வரும். வீட்டில் இதற்குச் சூட்டப்படும் பெயரோ, சோம்பேறித்தனம்! நான் அறிந்த பால்மரம் வெட்டும் அண்ணன் ஒருவர் இந்தப் பெயரைச் சுமந்துகொண்டு, சம்பளப் பணத்தை லேகியத்துக்குக் கொடுத்துவந்தார். கடைசியில் அவர் மனைவிதான் கிளினிக்குக்கு அழைத்துச் சென்றார். அவருக்கு இனிப்பு நீர் இருந்தது. அந்நோயும் உடற்பருமனும் இப்பொருளைக் குறைக்கக்கூடியவை. களைப்புக்கு வேறு காரணங்களும் உண்டு என்பதால், வெவ்வேறு இரு நாள்களில் காலையில் இரத்தம் எடுத்துப் பார்த்துத்தான் டாக்டர் முடிவு சொல்வார். குழந்தை வேண்டும் என்றிருப்பவர் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் ஊசி விந்தணுக்களைக் குறைத்துவிடும்.

அந்த அண்ணன் கிளினிக்குக்குப் போகும் வழி முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லையாம். திரும்பும்போது பேச்சை நிறுத்தவே இல்லை என்று அக்கா சொன்னார்.