கதிரியக்க ஆன்டிபயாடிக் படமெடுப்பு

கிருமியைத் தாக்கும் மருந்தில் சிறிதளவு கதிரியக்கத் தனிமத்தை ஏற்றி ஊசிவழி செலுத்தி, அது தங்கும் இடத்தைக் காமா கேமராவில் பார்த்து எலும்பு, மூட்டுத் தொற்றுகளைக் கண்டறியும் முறை. அதிகம் ஆராயப்பட்டது டெக்னீசியம்-99எம் ஏற்றிய சிப்ரோஃபிளாக்சசின். ‘இன்ஃபெக்டன்’ என்பது அதன் பெயர்.

இதன் தேவையை மலேசியாவின் கோலா சிலாங்கூர் வட்டாரச் செம்பனைத் தோட்டங்களில் நேரிலேயே பார்க்கலாம். செம்பனை மட்டையின் அடியில் வரிசையாக முள். அது விரல் மூட்டிலோ முழங்காலிலோ குத்தி உள்ளே முறிந்தால் எக்ஸ்ரேயில் தெரியாது. மேல்புண் ஆறிவிடும்; மூட்டு மட்டும் வாரக்கணக்கில் வீங்கியிருக்கும். முள் துணுக்கின் உறுத்தலால் வந்த வெறும் அழற்சியா, முள்ளோடு போன பாக்டீரியாவா? பின்னதென்றால் நாள் கடத்தக் கூடாது, குருத்தெலும்பு அரிக்கப்பட்டுவிடும். இனிப்பு நீர் உள்ளவரின் வீங்கிய பாதத்திலும் இதே குழப்பம்தான்: நரம்புச் சேதத்தால் எலும்பு நொறுங்கினாலும், கிருமி எலும்பை அரித்தாலும் பாதம் ஒன்றுபோலவே சிவந்து வீங்கும்.

பழைய முறைகள் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டவில்லை. எலும்பு ஸ்கேன், எலும்பு புதுப்பிக்கப்படும் எந்த இடத்தையும் காட்டும். 1970களில் மேத்யூ தாக்கூரும் மெக்காஃபியும் வெள்ளணுக்களில் இண்டியம்-111 ஏற்றும் வழியைக் கண்டனர். பெரிய முன்னேற்றம் அது. ஆனால் நோயாளியின் இரத்தத்தை எடுத்து, அணுக்களைப் பிரித்து, திரும்பச் செலுத்த வேண்டும். மஜ்ஜையிலும் அவை சேர்வதால் முதுகெலும்புத் தொற்று மறைந்துபோகும்.

லண்டன் செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனையில் கீத் பிரிட்டன் குழு வேறு வழியில் யோசித்தது. சிப்ரோஃபிளாக்சசின், பாக்டீரியாவின் டிஎன்ஏ கைரேஸ் என்ற நொதியில் பிடிப்பது. எனவே உயிருள்ள கிருமி இருந்தால்தான் மருந்து தங்கும், மஜ்ஜையிலும் சேராது என்பது அவர்கள் கணிப்பு. 1996இல் சோபன் விஞ்சமூரி முதலியோரின் ஆய்வு ‘லான்செட்’ இதழில் வந்தது. 2002இல் வெளியான பன்னாட்டு ஆய்வில் 879 நோயாளிகள். தொற்றைக் கண்டறியும் திறன் ஏறத்தாழ 85 விழுக்காடு, தொற்றில்லாதவரைச் சரியாக விலக்கும் திறன் 82. தில்லியின் இன்மாஸ் ஆய்வகம் ‘டயக்னோபாக்ட்’ என்ற பெயரில் இம்மருந்தை உருவாக்கியது.

எதிர்பார்ப்பு முழுதாக நிறைவேறவில்லை. கிருமியற்ற அழற்சியிலும் மருந்து தேங்குவதைப் பிற ஆய்வுகள் காட்டின. ‘பாக்டீரியாவுக்கு மட்டுமே’ என்ற உரிமைகோரல் தளர்ந்தது. ஆனாலும் கேட்ட கேள்வி சரியானது. அழற்சியை விட்டுக் கிருமியையே தேட வேண்டும் என்று அடுத்து வந்தவர்களைத் திருப்பியது இம்முறைதான்.

டெக்னீசியம்-99எம்மின் அரைவாழ்வு 6 மணி நேரமே. மாலிப்டினம் ஜெனரேட்டரிலிருந்து அதை அவ்வப்போது கறந்தெடுக்க வேண்டும், காமா கேமராவும் வேண்டும். ஆகையால் இத்தகைய படங்கள் அணு மருத்துவப் பிரிவுள்ள பெருநகர மருத்துவமனைகளில்தான் எடுக்கப்படுகின்றன. மூட்டு நீரை ஊசியால் எடுத்துக் கிருமி வளர்த்துப் பார்ப்பதே இன்றும் முதன்மைச் சோதனை. சிப்ரோஃபிளாக்சசினுக்குப் பின், பாக்டீரியாவின் மேலுறையில் ஒட்டும் யூபிகுவிசிடின் என்ற புரதத் துண்டு டெக்னீசியத்தோடும், பெட் ஸ்கேனுக்காகக் காலியம்-68ஓடும் இணைக்கப்பட்டு ஆராயப்படுகிறது.