பழி பொட்டி மேல, பிழை நிரல்ல

கேம் திறக்க நேரமானா நாம திட்டுறது ரெண்டைத்தான்: பொட்டி, நெட். பழக்கதோஷம்! 2004 கொள்கைப்படி 256 கேபிபிஎஸ் இருந்தாலே இந்தியாவில் பிராட்பேண்ட். பெங்களூர் ரூமில் நானும் அதைத்தான் ஓட்டினேன். 10 எம்பி இறங்க 5 நிமிஷத்துக்கு மேல்.

2013ல் வந்த ஜிடிஏ ஆன்லைனும் கணினியில் அப்படித்தான் இழுத்தது. 2021 பிப்ரவரியில் ஒரு நிரலர் பொறுமையிழந்து தோண்டினார். அவருக்கு 6 நிமிஷக் காத்திருப்பு. நெட்டும் டிஸ்க்கும் சும்மா இருக்க, பிராசஸரில் ஒரே ஒரு கோர் மட்டும் மாடா உழைச்சுது. காரணம், 63,000 பொருட்கள் கொண்ட 10 எம்பி பட்டியல். ஒவ்வொரு மதிப்பைப் படிக்கும்போதும் மிச்சக் கோப்பு முழுசையும் நிரல் அளந்து பார்த்தது! அவர் திருத்தியதும் 1 நிமிஷம் 50 நொடி. மார்ச்சில் ராக்ஸ்டாரும் திருத்தியது. அவருக்கு 10,000 டாலர்.

ஆணி புடுங்கும் மக்களே, நாம அசட்டையா எழுதுற நாலு வரி எத்தனை பேர் நேரத்தைத் தின்னுது பாருங்க.